புத்தகம் படிக்க எந்த போன்?

வீட்டில் இருக்கும் ஒரு போனில் வெள்ளையான பக்கம் ஒன்றைத் திறந்து வையுங்கள். சார்ஜர் வயரைக் கழற்றிவிடுங்கள். விரல் நுனியைத் தண்ணீரில் தொட்டு, 2 மி.மீ. அகலத்துக்கு மேல் போகாத ஒரு சின்னத் துளியைத் திரையின் நடுவில் வையுங்கள். பெரியவர்களிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், ஒரு துளிக்கு மேல் வேண்டாம். இப்போது துளிக்குள் உற்றுப் பாருங்கள். வெள்ளையாக இருந்த இடத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என்று பொடிப்பொடியாக நிறங்கள் மினுங்கும்!

துளி இங்கே குவிலென்ஸ் வேலை செய்கிறது. அது பெரிதாக்கிக் காட்டியதால் உங்களுக்கு ஓர் உண்மை தெரிந்துவிட்டது. அந்தத் திரையில் வெள்ளை என்று தனியாக ஒரு நிறமே கிடையாது. மூன்று நிறப் புள்ளிகளும் ஒன்றாக எரியும்போது நம் கண் அதை வெள்ளை என்று எடுத்துக்கொள்கிறது. இப்படி மூன்று நிறமும் சேர்ந்த ஒரு சிறு கூட்டம்தான் பிக்சல். திரையில் நீங்கள் படிக்கும் ஒவ்வொரு எழுத்தும் எரிந்தும் அணைந்தும் நிற்கிற பிக்சல்களால் ஆனது.

போன் கடைக்குப் போனால் முதலில் கேமராவைக் காட்டுவார்கள். பிறகு விளையாட்டு எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பார்கள். கதைப் புத்தகமும் பாடப் புத்தகமும் படிப்பதற்காக போன் தேடுகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு: ஓர் எழுத்தை வரைய இந்தத் திரையில் எத்தனை புள்ளிகள், அதாவது பிக்சல்கள், கிடைக்கும்?

இதற்கு விடை காண நம் கண்ணின் எல்லையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு வட்டத்தில் 360 பாகை. ஒரு பாகையை 60 ஆகப் பிரித்தால் வருவது ஒரு கோண நிமிடம். இயல்பான பார்வை உள்ள ஒருவர், அருகருகே இருக்கும் இரண்டு புள்ளிகளை ‘இரண்டு’ என்று பிரித்துப் பார்க்க அவற்றுக்கிடையே ஏறக்குறைய ஒரு கோண நிமிட இடைவெளி வேண்டும். அதைவிட நெருங்கினால் இரண்டும் ஒன்றாகத் தெரியும். போனை 30 செ.மீ. தூரத்தில் பிடித்துப் படிக்கிறோம் என்று வையுங்கள். அந்தத் தூரத்தில் ஒரு கோண நிமிடம் என்பது 0.087 மி.மீ. ஓர் அங்குலம் 25.4 மி.மீ. இரண்டையும் வகுத்தால் 290-ஐ ஒட்டி ஓர் எண் வரும். அதாவது ஓர் அங்குலத்தில் சுமார் 300 புள்ளிகள் இருந்தால், புள்ளி மறைந்து கோடு மட்டும் தெரிய ஆரம்பிக்கும். 2010-இல் ஐபோன் 4 வந்தபோது ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் பெருமையாகச் சொன்னதும் இந்த 300 கணக்கைத்தான். அந்த போனில் அங்குலத்துக்கு 326 புள்ளிகள் இருந்தன. சிறுவர்கள் பலருக்குப் பார்வை இதைவிடவும் கூர்மை. அதனால் 300 என்பதைக் கடைசி எல்லை என்று நினைக்காமல், வசதியாகப் படிக்கத் தொடங்கும் இடம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற எண்ணை போன் பெட்டியில் பெரும்பாலும் அச்சடிக்க மாட்டார்கள். ஆனால் அதைக் கண்டுபிடிக்கத் தேவையான எல்லாம் பெட்டியிலேயே இருக்கும். அகலத்தில் 720 புள்ளி, உயரத்தில் 1600 புள்ளி, மூலைக்கு மூலை 6.5 அங்குலம் என்று போட்டிருக்கிறது என்றால், உங்களுக்குத் தேவை பிதாகரஸ் தேற்றம். 720-இன் வர்க்கம் 5,18,400. 1600-இன் வர்க்கம் 25,60,000. கூட்டினால் 30,78,400. அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 1755. மூலைவிட்டத்தில் இத்தனை புள்ளிகள். இதை 6.5-ஆல் வகுத்தால் 270. இன்னொரு போனில் 1080-க்கு 2400, அதே 6.5 அங்குலம் என்றால் இதே வழியில் 405 வரும். இந்த எண்ணைத்தான் பி.பி.ஐ. என்கிறார்கள். எட்டாம் வகுப்பில் செங்கோண முக்கோணம் போட்டுப் பார்த்தவர்கள் எல்லாரும் கடையில் நின்றபடியே இதைக் கணக்கிட்டுவிடலாம்.

தமிழ் படிக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். ‘பல’ என்பதற்கும் ‘பல்’ என்பதற்கும் உள்ள வித்தியாசம் தலைமேல் இருக்கும் ஒரு சின்னப் புள்ளி. ‘மனம்’ என்பதற்கும் ‘மணம்’ என்பதற்கும் உள்ள வித்தியாசம் ஒரே ஒரு சுழி. 2 மி.மீ. உயரமுள்ள ஓர் எழுத்தை எடுத்துக்கொள்வோம். அங்குலத்துக்கு 100 புள்ளி மட்டுமே உள்ள பழைய கணினித் திரையில் அந்த எழுத்துக்கு 8 புள்ளி உயரம்தான் கிடைக்கும். அதற்குள் மூன்று சுழி ‘ண’வை எப்படி வளைப்பது? சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 270 பி.பி.ஐ. திரையில் அதே எழுத்துக்கு 21 புள்ளிகள். 405-இல் 32 புள்ளிகள். புள்ளியும் சுழியும் கொம்பும் தனித்தனியே நிற்க இடம் தாராளம். என் கருத்து இது: 300-க்குச் சற்றுக் குறைவாக 270 இருந்தாலும் படிக்கலாம். 400 இருந்தால் சுகம். அதற்கும் மேலே போகும் எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது படிப்பவருக்கு வீண் செலவு.

துளிக்குள் பார்த்த நிறப் புள்ளிகளை எண்ணிப் பார்த்தால் இன்னொரு செய்தியும் கிடைக்கும். போன் திரைகளில் எல்.சி.டி., அமோலெட் என்று இரண்டு முக்கிய வகைகள் உண்டு. அமோலெட் திரைகள் பலவற்றில் பச்சைப் புள்ளிகள்தான் முழு எண்ணிக்கையில் இருக்கும். சிவப்பும் நீலமும் அதில் பாதிதான். எல்.சி.டி. திரையில் மூன்றும் சம எண்ணிக்கை. ஆகவே இரண்டுக்கும் பி.பி.ஐ. எண் ஒன்றாகவும் குறைவாகவும் இருந்தால், எழுத்தின் ஓரம் எல்.சி.டி.யில் சற்றுத் தெளிவாக இருக்கலாம். பி.பி.ஐ. 400 அளவில் இருந்தால் இந்த வித்தியாசம் கண்ணில் படாது.

எல்.சி.டி., அமோலெட் என்று பெயர்கள் வந்துவிட்டன. இவற்றில் எல்.சி.டி.யின் கதை கேரட்டில் தொடங்குகிறது! 1888-இல் பிராக் நகரில் பிரெடரிக் ரைனிட்சர் என்ற தாவரவியல் அறிஞர் கேரட்டிலிருந்து கிடைத்த கொலஸ்டிராலை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதிலிருந்து செய்த ஒரு பொருளைச் சூடாக்கினார். 145 டிகிரி தாண்டியதும் அது உருகியது. ஆனால் உருகிய திரவம் கலங்கலாக இருந்தது. இன்னும் சூடாக்கி 178 டிகிரி தாண்டியதும் அந்தக் கலங்கல் சட்டென்று தெளிந்தது. ஒரே பொருளுக்கு இரண்டு உருகுநிலையா? அவருக்குப் புரியவில்லை. ஆட்டோ லேமன் என்ற இயற்பியலாளருக்கு அதை அனுப்பி வைத்தார். அந்தக் கலங்கல் நிலையில் அந்தப் பொருள் திரவமாக ஓடவும் செய்தது, படிகத்தைப் போல அதன் மூலக்கூறுகள் வரிசையாக நிற்கவும் செய்தன. அதனால் அதைத் திரவப் படிகம் என்றார்கள். அது எதற்குப் பயன்படும் என்று அன்று யாருக்கும் தெரியாது.

இன்று எல்.சி.டி. திரையின் உள்ளே இருப்பது இந்த வகைப் பொருள்தான். திரைக்குப் பின்னால் ஒரு விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். அதன் ஒளி முதலில் ஒரு தகட்டைக் கடக்கிறது. அந்தத் தகடு ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும். அடுத்து திரவப் படிகம். அதற்கப்பால் இன்னொரு தகடு, முதல் தகட்டுக்குக் குறுக்காக வைக்கப்பட்டிருக்கும். நடுவில் திரவப் படிகம் ஒளியின் அதிர்வுத் திசையைத் திருப்பினால் ஒளி வெளியே வரும், திருப்பாவிட்டால் இரண்டாவது தகட்டில் நின்றுவிடும். எவ்வளவு திருப்ப வேண்டும் என்று மின்சாரம் கட்டளையிடுகிறது. எல்.சி.டி.யில் நீங்கள் பார்க்கும் கறுப்பு, தடுக்கப்பட்ட வெளிச்சம். பின்னால் விளக்கு எரிந்தபடிதான் இருக்கிறது. இருட்டறையில் பார்த்தால் கறுப்பு கொஞ்சம் சாம்பலாகத் தெரிவது அதனால்தான்.

அமோலெட் திரையில் பின்விளக்கு இல்லை. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் கரிமப் பொருளால் ஆனது. கோடாக் நிறுவனத்தில் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் என்ற இருவர் இந்த ஒளிரும் அடுக்கை 1987-இல் விவரித்தார்கள். இதில் கறுப்பு என்றால் புள்ளி அணைந்தே போகிறது. அதனால் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வைத்துப் படித்தால் அமோலெட் போனில் பேட்டரி மிச்சமாகும். எல்.சி.டி.யில் அப்படிச் செய்தாலும் விளக்கு எரியத்தான் செய்யும், மிச்சம் ஏதும் இல்லை. கறுப்புப் பின்னணி எல்லாருக்கும் ஒத்துவருவதும் இல்லை. வெளிச்சம் குறையும்போது கண்பாவை விரிகிறது. விரிந்த பாவையில் சிலருக்கு எழுத்தைச் சுற்றி ஒளி சிந்துவதுபோலத் தெரியும். இரண்டையும் வைத்துப் பார்த்து உங்கள் கண் எதை விரும்புகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக ஒரு திரை உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜோசப் ஜேக்கப்சன் என்ற ஆசிரியரும், அப்போது இளங்கலை படித்துக்கொண்டிருந்த பாரெட் காமிஸ்கி, ஜே.டி. ஆல்பர்ட் என்ற இரு மாணவர்களும் சேர்ந்து மின்தாள் ஒன்றைச் செய்தார்கள். தலைமுடியின் தடிமனே உள்ள சின்னஞ்சிறு குமிழ்கள். ஒவ்வொன்றிலும் ஓர் எண்ணெய்த் திரவம். அதில் வெள்ளைத் துகள்களும் கறுப்புத் துகள்களும் மிதக்கும். வெள்ளைக்கு ஒரு மின்னூட்டம், கறுப்புக்கு எதிர் மின்னூட்டம். கீழிருந்து மின்சாரம் தந்தால் ஒரு நிறம் மேலே வரும், மற்றது கீழே போகும். அவ்வளவுதான், எழுத்து வந்துவிட்டது. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் துகள்கள் வந்த இடத்திலேயே நிற்கும். பக்கம் புரட்டும்போது மட்டும்தான் மின்சாரம் தேவை. இந்தக் கருத்தை வைத்து 1997-இல் இ-இங்க் நிறுவனம் தொடங்கியது. 2004-இல் ஜப்பானில் சோனியின் லிப்ரியே, 2007-இல் அமேசானின் கிண்டில் என்று படிப்புக் கருவிகள் வந்தன.

இந்தத் திரையை போனிலும் வைத்துப் பார்த்தார்கள். 2006-இல் மோட்டோரோலாவின் எஃப்3 என்ற மலிவான போன் மின்தாள் திரையோடு வந்தது, ஆனால் பெரிய பெரிய எண்களைக் காட்டத்தான் அது பயன்பட்டது, புத்தகம் படிக்க முடியாது. 2013-இல் ரஷ்யாவிலிருந்து வந்த யோட்டாபோனில் முன்பக்கம் சாதாரணத் திரை, முதுகில் மின்தாள். சீனாவின் ஹைசென்ஸும் இத்தகைய போன்களைச் செய்திருக்கிறது. துகள்கள் மெதுவாக நகர்வதால் வீடியோ நன்றாக ஓடாது, முந்தைய பக்கத்தின் நிழலும் லேசாகத் தங்கும். போன் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் அதைப் பொறுத்துக்கொள்வதில்லை. அதனால்தான் மின்தாள் போன் கடைகளில் அரிதாக இருக்கிறது.

மின்தாளும் அச்சுத் தாளும் வெயிலில் ஏன் அவ்வளவு நன்றாகத் தெரிகின்றன? இரண்டும் தாமாக ஒளிர்வதில்லை, விழும் ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. நண்பகல் வெயிலில் ஒரு வெள்ளைத் தாளின் பிரகாசம் ஏறக்குறைய 25,000 நிட்ஸ். நிட்ஸ் என்பது திரைகளின் பிரகாசத்தை அளக்கும் அலகு, போன் பெட்டியில் பார்த்திருப்பீர்கள். பல போன்களில் அது 500 முதல் 1,000 வரை. சூரியனோடு போட்டி போட்டால் போன் தோற்றே தீரும். போதாததற்கு, மேலுள்ள கண்ணாடி வானத்தின் ஒளியில் ஒரு பங்கைக் கண்ணுக்குத் திருப்பி அனுப்பி எழுத்தை மங்கலாக்கும். வெயிலில் படிக்க போன் தேடாதீர்கள், நிழலுக்கு வந்துவிடுங்கள்.

வீட்டுக்குள் கணக்கு தலைகீழ். டியூப்லைட் வெளிச்சத்தில் வெள்ளைத் தாளின் பிரகாசம் 50 முதல் 75 நிட்ஸ்தான். போனை முழு வெளிச்சத்தில் வைத்துப் படித்தால் தாளைவிடப் பல மடங்கு ஒளியைக் கண்ணுக்குள் அனுப்புகிறீர்கள். இதற்கு ஓர் எளிய வழி உண்டு. ஒரு வெள்ளை நோட்டுப் பக்கத்தை போனுக்குப் பக்கத்தில் வையுங்கள். போனின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். திரையும் தாளும் ஒரே அளவு வெளுப்பாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். அந்த அறைக்கு அதுதான் சரியான அளவு. வாங்கும்போது எல்லாரும் அதிகபட்ச வெளிச்சத்தைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் குறைந்தபட்ச வெளிச்சத்தையும் பாருங்கள். இரவில் அது எவ்வளவு தாழ்கிறது என்பதுதான் படிப்பவருக்கு முக்கியம்.

அப்படித் தாழ்த்தும்போது சில அமோலெட் திரைகள் ஒரு தந்திரம் செய்யும். ஒளியைக் குறைப்பதற்குப் பதிலாக, நொடிக்குப் பல நூறு முறை அணைந்து அணைந்து எரியும். பெரும்பாலோருக்கு அது தெரியாது. ஒரு சிலருக்குத் தலைவலி வரும். வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு இன்னொரு போனின் கேமரா வழியாக அந்தத் திரையைப் பாருங்கள். கறுப்புப் பட்டைகள் ஓடினால் அணைந்து எரிகிறது என்று அர்த்தம்.

அடுத்து புத்தகம் எந்த வடிவில் இருக்கிறது என்பது. இதைச் சொல்லாமல் போனை மட்டும் பேசினால் பாதிதான் பேசியதாகும். பி.டி.எஃப். என்பது ஏ4 தாளில் அச்சிட்டால் எப்படி இருக்குமோ அப்படியே உறைந்து நிற்கும் பக்கம். ஏ4 தாளின் அகலம் 210 மி.மீ. நாம் பார்த்த 6.5 அங்குல போன் திரையின் அகலம் 68 மி.மீ. மூன்றில் ஒரு பங்குக்குச் சுருங்கினால், 12 பாயின்ட் அளவு எழுத்து 4 பாயின்ட் அளவாகிவிடும். எந்தத் திரையாக இருந்தாலும் வசதியாகப் படிக்க முடியாது. விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி, வரிக்கு வரி இடமும் வலமும் தள்ளிக்கொண்டிருக்க வேண்டியதுதான். இ-பப் என்ற வடிவில் எழுத்துகள் பக்கத்தோடு கட்டப்படுவதில்லை. எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமே மடிந்து புதிய பக்கங்கள் உருவாகும். போனில் படிக்க இதுதான் ஏற்றது.

தமிழில் இலவசமாகவும் முறையாகவும் மின்னூல்கள் கிடைக்கின்றன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தைச் சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்தினார். உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து சேர்த்தார்கள். ஃப்ரீதமிழ்இபுக்ஸ் தளத்தில் ஒரே நூலை இ-பப் வடிவிலும், 6 அங்குலத் திரைக்கென்றே அமைத்த பி.டி.எஃப். வடிவிலும் தருகிறார்கள். சின்னத் திரையில் படிப்பவர்களை நினைத்துச் செய்த வேலை அது, மனமாரப் பாராட்ட வேண்டும். ஈழத்து நூல்களும் இதழ்களும் நூலகம் தளத்தில் உள்ளன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் ஏராளமான பழைய நூல்கள் இருக்கின்றன. இந்த இரண்டு இடங்களிலும் பல நூல்கள் பக்கத்தைப் படம் பிடித்தவை என்பதால், அவற்றைக் கணினியிலோ டேப்லெட்டிலோ படிப்பது நல்லது.

தமிழ் எழுத்துகள் போனில் சரியாக அமைகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். கணினிக்குள் ஒவ்வோர் எழுத்துக் கூறுக்கும் ஓர் எண் உண்டு. ‘கொ’ என்று எழுதினால் உள்ளே ‘க’ என்ற எண்ணும், அதற்குப் பின்னால் ஒகரக் குறியின் எண்ணும்தான் சேமிக்கப்படும். ஒற்றைக் கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் நிறுத்துவது போனின் மென்பொருளுடைய வேலை. மிகப் பழைய போன்கள் சிலவற்றில் கொம்பு இடம் மாறி நிற்கும், அல்லது வெறும் கட்டங்கள்தான் வரும். இப்போதைய போன்களில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. இருந்தாலும் கொ, கௌ, ஸ்ரீ, க்ஷ என்று நான்கு எழுத்துகளைத் தட்டிப் பார்த்துவிடுங்கள்.

சேமிப்பிடம் பற்றிக் கவலையே வேண்டாம். பொதுவாக ஒரு தமிழ் எழுத்துக் கூறைச் சேமிக்க 3 பைட் போதும். பக்கத்துக்கு 1,200 கூறுகள், 250 பக்கம் என்று வைத்தால் 9 லட்சம் பைட், அதாவது ஒரு எம்.பி.க்கும் கீழே. இ-பப் அதையும் சுருக்கி வைக்கும். 1 ஜி.பி. இடத்தில் ஆயிரம் புத்தகங்களுக்கு மேல் அடங்கும். நல்ல கேமராவும் அதிவேக ப்ராசஸரும் படிப்பதற்கு ஒரு பயனும் தராது. எடையைப் பாருங்கள், அது பயன்தரும். ஒரு கையில் அரை மணி நேரம் பிடிக்கும்போது 170 கிராமுக்கும் 220 கிராமுக்கும் உள்ள வித்தியாசம் மணிக்கட்டுக்குத் தெரியும்.

இனி கண். சாதாரணமாக நாம் நிமிடத்துக்குப் பதினைந்து முறை அளவில் கண் சிமிட்டுகிறோம். திரையை உற்றுப் பார்க்கும்போது அது வெகுவாகக் குறைந்து கண் உலர்ந்து எரியும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால் உள்ள ஒன்றை 20 நொடி பாருங்கள். போனை முகத்துக்கு ஒட்டி வைக்காமல் ஒரு 30 செ.மீ. ரூலர் நீளம் தள்ளிப் பிடியுங்கள். எழுத்து சிறிதாகத் தெரிந்தால் எழுத்தைப் பெரிதாக்குங்கள், போனை அருகே இழுக்காதீர்கள். வளரும் வயதில் தினமும் வெளியே பகல் வெளிச்சத்தில் விளையாடுவது கிட்டப்பார்வை வராமல் தடுக்க உதவுகிறது என்று கண் மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

இரவில் படுக்கும் முன் படிக்கலாமா? அமெரிக்காவில் ஆன்-மேரி சாங் குழுவினர் 12 பேரிடம் ஒரு சோதனை நடத்தி 2014-இன் இறுதியில் வெளியிட்டார்கள். ஐந்து இரவு ஒளிரும் திரையிலும் ஐந்து இரவு அச்சுப் புத்தகத்திலும் படிக்க வைத்தார்கள். திரையில் படித்த இரவுகளில் தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பு தள்ளிப்போனது, தூக்கம் வர ஏறக்குறைய 10 நிமிடம் கூடுதலாக ஆனது. 12 பேர் குறைந்த எண்ணிக்கைதான், திரையையும் முழு வெளிச்சத்தில் பல மணி நேரம் வைத்திருந்தார்கள். ஆனாலும் படுக்கும் முன் கடைசி ஒரு மணி நேரத்துக்குத் தாள் புத்தகமே நல்லது என்று நான் சொல்வேன்.

இவ்வளவும் தெரிந்த பிறகு வீட்டில் புது போன் கேட்டு அடம்பிடிக்கும் முன் அலமாரியைத் திறந்து பாருங்கள். பல வீடுகளில் 5 அங்குலப் பழைய போன் ஒன்று சும்மா கிடக்கும். அதில் 720-க்கு 1280 புள்ளி இருந்தால் நம் கணக்கின்படி பி.பி.ஐ. 294! இன்று கடையில் விற்கும் 6.5 அங்குல, 720 புள்ளி போனின் 270-ஐவிட அதிகம். எழுத்தைப் பொறுத்தவரை அந்தப் பழைய போன் புதியதைவிடத் தெளிவானது. பேட்டரி உப்பியிருக்கிறதா என்று முதலில் பெரியவர்களிடம் காட்டுங்கள். உப்பியிருந்தால் சார்ஜ் போடக் கூடாது, சர்வீஸ் கடையில் கொடுத்துவிட வேண்டும். நன்றாக இருந்தால் சிம்மை எடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் கணக்குகளையும் விளையாட்டுகளையும் அழித்துவிட்டு, இ-பப் திறக்கும் செயலி ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். புத்தகங்களைக் கணினியிலிருந்து கேபிள் வழியாகவே ஏற்றிவிடலாம். இணைய இணைப்பை அணைத்துவிட்டால், கதையின் நடுவே ‘டிங்’ என்று எந்தச் செய்தியும் வந்து உங்களைக் கூப்பிடாது.